ஒன்றரை லிட்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம், சௌக்கியம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போனிலேயே சொல்லலாம்தான், வீட்டுக்குள் பேசினால் அவள் காதில் விழும், வெளியே போய்ப் பேசலாம் என்றால் உன் நம்பரை எடுத்துவிட்டு அழுத்தாமலே திரும்பி வந்துவிடுகிறேன்.

முதல் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை வீட்டுக்கு அனுப்பும்போது இதய டாக்டர் சொன்னதெல்லாம் உனக்கும் தெரியும். இதயம் தளர்ந்துவிட்டது, இறைக்க வேண்டியதில் பாதியைக்கூட இறைக்கவில்லை, உடம்பில் நீர் தங்கினால் மூச்சை அடைக்கும், அதனால் காபி, பால், மாத்திரைத் தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், உப்பு கொஞ்சமாக, காலையில் எழுந்ததும் எடை, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே போன். அன்றிலிருந்து அளக்கிறவன் நான். காலையில் பாட்டிலில் பிடித்து வைப்பேன், அவள் காபி குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவேன். "முப்பது வருஷம் லாரி லாரியா தண்ணி கொண்டுபோய் ஊருக்கே ஊத்தின மனுஷன், எனக்கு மட்டும் மூடியில அளக்குறாரு" என்று கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள். முதல் வாரம் நானும் சிரித்தேன்.

அப்புறம் வெயில் ஏறியது. உதடு வெடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பேச்சே குழறியது. நான் அவள் கண்ணில் படாமல் மாடிப்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவேன். அவளுக்குத் தெரியும். ஒரு நாள் மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவை, அளக்காம குடுங்களேன்" என்றாள். நாற்பது வருஷத்தில் தனக்கென்று இது வேண்டும் என்று அவள் கேட்டதில்லை பாப்பா. பெரிய சொம்பு நிறையக் கொடுத்தேன். நிறுத்தாமல் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மறுநாள் அவள் கேட்கவில்லை, நானே கொடுத்தேன். நான்கு நாள் கொடுத்தேன்.

எடை ஏறியது. தரை சரியில்லை என்று மெஷினை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி வைத்துப் பார்த்தேன், பேட்டரி தீர்ந்திருக்கும் என்று மாற்றினேன். போன் மட்டும் செய்யவில்லை. ஐந்தாம் நாள் காலையில் கால் இரண்டும் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், தண்ணீர் எவ்வளவு குடித்தார்கள் என்று கேட்டதும் நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அவருக்குத் தெரியாம நான்தான் குடிச்சுட்டேன்." நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டதை நான் திருத்தவில்லை. நீ போனில் அரைமணி நேரம் அவளைத் திட்டியபோதும் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையணை உறையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "உயிர் மேல உனக்கே அக்கறை இல்லைன்னா நான் எதுக்கும்மா போன் பண்ணணும்" என்று நீ சொன்னது எனக்கும் கேட்டது. அன்று ராத்திரி, "அவகிட்ட சொல்லிடாதீங்க, என்னைத் திட்டினா அவளுக்கு ஆறிடும், உங்களைத் திட்டினா ஆறாது" என்றாள். நானும் சரி என்று தலையாட்டினேனே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

டாக்டரிடம் மட்டும் கடைசி நாளில் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, தாகம் எடுத்தால் ஒரு துண்டு ஐஸை வாயில் வையுங்கள், அதையும் கணக்கில் சேருங்கள், எடை ஏறினால் அன்றைக்கே சொல்லுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. நீ ஒரு தடவைகூடப் பேசவில்லை. அவளாகக் கூப்பிட மாட்டாள், வேலை நேரமாக இருக்கும் என்பாள், ஆனால் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இப்போது தண்ணீரும் கேட்பதில்லை. நான் மறுபடி கொடுத்துவிடுவேன் என்று எனக்காகப் பயந்து கேட்காமல் இருக்கிறாள். என்ன செய்வதென்றே தெரியவில்லை பாப்பா. லாரி நின்றுபோனால் இறங்கிப் பார்த்து ஏதாவது செய்வேன், இதில் எடையைப் பார்ப்பதைத் தவிர என் கையில் ஒன்றுமில்லை.

கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகுமாம். அதற்குள் கோபம் ஆறியிருந்தால் நல்லது, ஆறாவிட்டால் என் பக்கம் திருப்பு. உன் மாமாவுக்கும் இதே நோய்தான், நீயும் பிரஷர் பார்த்துக்கொள், வேலை வேலை என்று தள்ளிப்போடாதே. குட்டிப்பயலுக்கு முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

மறக்காமல் அம்மாவிடம் பேசு. இதைப் பற்றிக் கேட்டால், அப்பா பொய் சொல்கிறார், நான்தான் குடித்தேன் என்பாள். நம்பாதே.

இப்படிக்கு,
உன் அப்பா