அரை அலைக்கு இடமில்லை

மச்சான்,

இன்று காலை மரவள்ளிக்கிழங்கு அவிந்த உப்புத்தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. நீலச் சுவாலை பளிச்சென்று மஞ்சளானது. ஈரேழு உலகத்திலும் உப்புக்கு அதே மஞ்சள்தான் என்பாய். அகப்பையும் கையுமாக, நீயே வந்துவிட்டதுபோல எழுந்து நின்றேன்.

சமாதான காலம் அது. உருத்திரபுரத்துப் பிள்ளைகளுக்கு நீ ஒருவன்தான் பௌதிகவியல் ஆசிரியன். அணுவுக்குள் சுற்றும் இலத்திரனுக்குக் குறிப்பிட்ட சில சக்திகள் மட்டுமே உண்டு, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும்போதுதான் அந்த நிறம் வருகிறது என்று படிப்பித்தாய். "ஏன் சேர், இடையில நிண்டால் என்ன?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டாள். "விதி அப்பிடி" என்றாயாம். அதன்பிறகு உனக்குச் சோறு இறங்கவில்லை. "விளக்கம் கிடைக்காட்டி அந்த வகுப்புக்குள்ள கால் வைக்கமாட்டன்" என்றாய். பிள்ளைகளின் ஆண்டுச் சோதனையோ வாசலில் நின்றது.

அந்த வாடிய முகத்தோடேயே கூத்துப் பழக்கத்துக்கு வந்து தாளம் தட்டினாய். நான் அரசன். மூவுலகும் நடுங்கும் அரசன்! கூத்தாடும் வட்டக்களரியில் அரசன் ஆடிச் சுற்றினால், புறப்பட்ட இடத்திலேயே ஆட்ட அடி முழுதாக முடியவேண்டும். அப்போதுதான் அடுத்த சுற்று அதன்மேல் பொருந்தும். என் பெருமைக்கு அந்த வட்டம் போதுமா? அகலமாகச் சுற்றினேன். அரை அடி மிஞ்சியது. அடுத்த சுற்றில் கால் தூக்கவேண்டிய இடத்தில் மிதித்தேன். பின்னால் வந்த மந்திரி என் குதிக்காலில் ஏறினான். நான் விழுந்த விழுகையில் இரணைமடுக் குளம் ஒரு சாண் தளும்பியிருக்கும்.

எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் தாளத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாய்.

"எழும்பாதை! அப்பிடியே கிட!"

"முதுகு முறிஞ்சு போச்சடா, பாவி."

"இலத்திரன் ஒரு அலை, மச்சான். சுத்தி வந்து தன்னோடயே பொருந்தவேணும். அரை அலை மிஞ்சினால் அலையின்ர மேடு அதின்ரயே பள்ளத்தில விழுந்து தன்னைத் தானே அழிச்சுப்போடும். முழு அலையள்தான் நிலைக்கும். ஒவ்வொண்டுக்கும் ஒரு சக்தி, ஏணிப்படி மாதிரி. இடையில ஒண்டுமில்லை!"

"அப்ப ஒரு அலைக்குக் கீழ?"

"கீழ இறங்க இடமே இல்லை. அதாலதான் அணு நொறுங்காமல் நிக்குது. நீயும் நிக்கிறாய்."

"நான் கிடக்கிறன்."

மறுநாள் தலை நிமிர்ந்து வகுப்புக்குப் போனாய். நான் என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கோடானுகோடிக் களரிகள்; ஒன்றிலும் அடி பிசகவில்லை.

பிறகு மறுபடி யுத்தம் வந்தது. உடையார்கட்டில் உன்னை அவசர அவசரமாகப் புதைத்தோம். மூவுலக அரசன் அகதி முகாமில் சோற்றுப் பார்சலுக்கு வரிசையில் நின்றான். வீடு, வயல், மீசையின் முறுக்கு எல்லாம் போயின. ஆனால் என் உடம்பில் ஓர் இலத்திரன்கூடத் தன் கடைசிப் படியைவிட்டுக் கீழே இறங்கவில்லை.

உன்னுடையவையும் இறங்கியிரா, மச்சான். அந்த மண்ணுக்குள்ளும் அவை முழு அலையாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.