சுண்ணாம்பு எழுத்து

1981 மாசி 18

இந்த மாட்டுப்பட்டியில் வேலைக்குச் சேர்ந்த நாலு வருடத்தில் எத்தனையோ மாடுகளின் தொடையில் குறி சுட்டிருக்கிறேன். எல்லாம் மாட்டுச் சொந்தக்காரர்களின் பெயரெழுத்து. இன்று பட்டிக்காரர் கந்தையா அண்ணர் சொந்தக்காரர் இல்லாமல் பட்டியில் வந்து ஒதுங்கிய கட்டாக்காலிக் கன்றைக் காட்டி, "உம்மட எழுத்தைச் சுட்டுவிடும். குறி இல்லாட்டி ஆரும் பிடிச்சுக்கொண்டு போயிடுவினம்" என்றார்.

"எனக்கு ஏதுங்க எழுத்து?"

"புண்ணில புழு எடுத்துக் காப்பாத்தினது நீர்தானே?"

தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவன் நான். எனக்கென்று ஒரு குறி! மணலில் எழுதி எழுதிப் பார்த்தேன். கம்பியை வளைத்து நெருப்பில் வைத்தேன். அது சிவக்கும்போது கன்று வந்து என் முழங்கையை நக்கியது. மற்ற மாடுகளை நாலு பேர் அமுக்கிப் பிடித்துத்தான் சுடுவோம். இது கயிறில்லாமலே நின்றது. கம்பியைத் தண்ணீரில் போட்டுவிட்டேன்.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து, அதன் தொடையில் விரலால் என் பெயரின் முதலெழுத்தை, 'மு' என்று எழுதினேன்.

"பனிக்கு அழிஞ்சு போயிடுமே!" அண்ணர் சிரித்தார்.

கண்ணை மூடினால் அந்த வெள்ளை எழுத்து மட்டும் இருட்டில் மேய்ந்து திரிகிறது. வெளியே பனி இறங்குகிறது. அழியட்டும். விடிந்ததும் திரும்ப எழுதுவேன்.