ஒரு சொட்டு விடாமல்

12 மார்ச் 1982, வெள்ளி

காலையில் பால் வாங்கப் போனேன். "பால் இல்லீங்கம்மா. எல்லாத்தையும் பால் சங்கத்து வண்டிக்கு ஊத்திட்டேன்" என்றாள் முனியம்மா. என் செல்விக்கு இரண்டு வயது. அவள் குடிப்பது முனியம்மாவின் ஒரே மாட்டுப் பாலைத்தான்.

"உன் புள்ளைக்கு?"

"வரக்காப்பிதான். கன்னுக்கு வுட்ற ரெண்டு காம்பையும் சேத்துக் கறந்துட்டேன். நீங்கதானே ஒரு சொட்டு வுடாம ஊத்தச் சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். நாட்டில் பால் பெருகப்போகிறது என்று போன மாதம் ஊருக்கு வந்து பேசிப்போன சங்கத்து அதிகாரி, பி.ஏ. படித்தவள் என்று எல்லாப் பாலையும் சங்கத்துக்கு ஊற்றச் சொல்லும் காகிதத்தை என் கையில் கொடுத்தார். அவர் பாராட்டியதில் மயங்கி வீடுவீடாகப் போய் வாசித்தேன். கன்றுக்கு இரண்டு காம்பு விட்டுக் கறக்கிற எங்கள் மலையூர் வழக்கம் அந்தக் காகிதத்தில் இல்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிக்கிறார். "நாட்டுல பால் பெருகுது, நம்ம வூட்ல வரக்காப்பி பெருகுது." பற்றிக்கொண்டு வந்தது.

பெருகுகிற பாலை யார் குடிப்பது என்று அந்த அதிகாரியை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேனே.

நாளை வண்டி வருமுன் முனியம்மா வீட்டுக்குப் போவேன். கன்றுக்கு விடச் சொல்வேன். அவள் பிள்ளைக்கு ஒரு டம்ளர் எடுத்துவைக்கச் சொல்வேன். செல்விக்கு என்று கேட்கத்தான் வாய் வராது.