மண்மேட்டுக்கு முன்னால் நட்ட சட்டங்கள்

அக்டோபர் 11, சனி

குறி அட்டை மாட்டும் மரச் சட்டங்கள் எல்லாம் மறுபடியும் சுக்குநூறு. மான் வேட்டைக் காலம் நெருங்கினால் துப்பாக்கியின் குறியைச் சரிபார்க்க ஊரில் பாதிப் பேருக்கு எங்கள் கொல்லைதான். குண்டுகள் பாய்ந்து நிற்க, என் கணவன் டெல்பர்ட் நன்றாக இருந்தபோது குன்றோரத்தை வெட்டி எழுப்பிய மண்மேடு அங்கேதான் இருக்கிறது. அவன் பக்கவாதத்தில் விழுந்த பிறகும் தம்பி ராய்ஸ் கூட்டாளிகளோடு சனிக்கிழமை தவறாமல் வருகிறான். “அண்ணனுக்கும் கலகலப்பா இருக்கும்ல, வெர்னா?”

சுடுவது அவர்கள். சிராய் பொறுக்குவது நான்.

அக்டோபர் 14

டல்ஸாவிலிருந்து தங்கை மார்லீன் பேசினாள். “ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போயேன்க்கா.” டெல்பர்ட்டை எங்கே விடுவது? மளிகைக்குப் போய்வரவே பக்கத்துப் பண்ணை வில்மாவைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. ராய்ஸிடம் கேட்டேன். “பாக்கலாம்” என்றான். போன வருடமும் பார்க்கலாம்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. பட்டறை வாசலில் டெல்பர்ட்டின் சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டு மரம் அறுத்தேன். சட்டத்தைப் பிளாஸ்டிக் குழாயில் செய்து பார்த்தாயிற்று, குளிரில் சில்லுசில்லாகத் தெறிக்கிறது. நாலு பக்கமும் ஆணி அடித்த சட்டமோ, ஒரு காலில் குண்டு பட்டால் மொத்தமும் வீண். இந்த முறை பழைய மாட்டுக்கொட்டகையின் கனத்த கட்டைகளை அடிப்பாகமாக்கி, துளை வெட்டி, ரீப்பர் குச்சிகளைச் செருகி ஆப்பு வைத்தேன். உடைந்த குச்சியை மட்டும் உருவிவிட்டு வேறு செருகலாம். அடிக்கட்டைக்கு முன்னால் மண் குவித்தால் அதற்கும் அடி படாது.

இரும்புக் குழாய் வைத்தால் இன்னும் உறுதியோ என்று அவனிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். “தி... திரும்பி வரும்.” குண்டைச் சொல்கிறான். இந்த மாதம் அவன் பேசிய நீளமான வாக்கியம் இதுதான்.

அக்டோபர் 23

மழை. அவனைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. யாரிடம் சொல்ல?

நவம்பர் 5, புதன்

நேற்றோடு தேர்தல் முடிந்தது. குறி அட்டைக்கு ஆகுமென்று சாலையோரம் நட்டிருந்த விளம்பர அட்டைகளை வண்டி நிறைய அள்ளி வந்தேன். பிளாஸ்டிக், மழையில் ஊறாது, காசும் இல்லை. ஷெரீஃப் பதவிக்கு நின்று தோற்றவரின் மனைவி தானே பிடுங்கிக் கொடுத்தாள். “கொண்டு போ தாயே, பாத்தாலே எரியுது.” அவர் சிரித்த முகத்தைப் பின்பக்கமாகத் திருப்பித்தான் சட்டத்தில் அடித்தேன். பாவம், தோற்றது போதாதா. டெல்பர்ட் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தான்.

நவம்பர் 8, சனி



ராய்ஸ் இரும்பில் பற்றவைத்த சட்டம் ஒன்றை இறக்கினான். “உன் குச்சியெல்லாம் எத்தனை நாளைக்கு? இது என் பேரன் காலத்துக்கும் நிக்கும்.” வேண்டாம் என்றேன். தாழ்வாரத்தில் இருந்த டெல்பர்ட்டும் நல்ல கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றான். யார் கேட்டார்கள்?

சுட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இரும்பில் ‘ணங்’கென்று ஒரு சத்தம். குண்டின் துண்டு திரும்பி வந்து டெல்பர்ட்டின் காதைக் கீறி, பின்னாலிருந்த கதவில் பாய்ந்தது. மற்றவர்கள் எல்லாரும் குனிந்துவிட்டார்கள். அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“அவனால குனியக்கூட முடியாதுடா! தெரியுமா உனக்கு? குனியக்கூட முடியாது!”

“சின்னக் கீறல்தானே, வெர்னா...”

சின்னக் கீறலா?

நவம்பர் 10

கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டினேன். டெல்பர்ட் நாள் முழுக்க முகம் கொடுக்கவில்லை. சனிக்கிழமை போனால் அவனுக்கு என்ன மிச்சம்? நான் அவர்களை வெளியே வைத்துப் பூட்டினேனா, எங்களை உள்ளே வைத்தா?

நவம்பர் 13, வியாழன்

கேட்டில் ராய்ஸ், பின்னால் அவன் கூட்டம். டெல்பர்ட்டையும் தள்ளிக்கொண்டு போனேன்.

“நாளன்னைக்கு வேட்டை ஆரம்பம். விளையாடாத, வெர்னா.”

“மரச் சட்டம் தயாரா இருக்கு. உள்ள வந்து சுடு. ஆனா இங்க சுடுற ஒவ்வொருத்தனும் முறை போட்டு இவனப் பாத்துக்கணும். மாசக் கடைசியில நன்றி விருந்துப் பண்டிகை வாரம் முழுக்க நீ. நான் டல்ஸா போறேன்.”

“டேய் டெல்பர்ட், உன் பொண்டாட்டி நம்மகிட்டயே வாடகை கேக்குறா!”

எல்லாரும் சிரித்தார்கள். இவனும் தம்பி பக்கம்தான் பேசுவான் என்று நினைத்தேன். வாய் கோணிக்கொண்டு வெகுநேரம் முயன்றான். சிரிப்பு அடங்கிவிட்டது.

“மேடு... அவளோடது.”

என்னைப் பார்க்காமல்தான் சொன்னான். டல்ஸாவுக்குப் போய் வா என்று அவன் சொல்லவில்லை. அது வேறு.

சங்கிலியை அவிழ்த்தேன்.

நவம்பர் 22, சனி

ராய்ஸுக்குத் தூக்கவும் திருப்பவும் துடைக்கவும் சொல்லிக்கொடுத்தேன். வெளிறிப்போனான். “தெனமும் இப்படியா?”

“இல்ல, ஞாயித்துக்கிழமை கர்த்தர் வந்து செஞ்சிட்டுப் போவாரு.”

டெல்பர்ட் இருமும் அளவுக்குச் சிரித்தான்.

நவம்பர் 25, டல்ஸா

ராய்ஸ் போனில் கிட்டத்தட்ட அழுதான். “முட்டையத் துப்பிட்டான். நான் என்னதான் பண்ணட்டும்?”

“அவன்கிட்டயே கேளு. சொல்லுவான், கொஞ்சம் நேரமாகும்.”

போனை வைத்த பிறகு கார் சாவியைக் கையில் எடுத்தேன். மார்லீன் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்ப வைத்தேன்.

நவம்பர் 26

விடியும்போதே முழிப்பு வந்துவிட்டது, அவனைத் திருப்பிப் படுக்கவைக்கும் வேளை. கை நீட்டினேன். வெறும் போர்வை. மறுபடி படுத்தேன்.

கண் விழித்தபோது வெயில் கால்மாட்டுக்கு வந்திருந்தது.