நாய்க்குப் போட்ட முட்டைகள்

என் அன்புச் சிட்டுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், இருக்கவும் வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று வழக்கம்போல ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், அந்த ஒரு வார்த்தையிலேயே இரண்டு தாள் கிழித்தாகிவிட்டது. தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசினால் உங்கம்மா கேட்டுவிடுவாள், அவள் காதைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, பக்கத்து வீட்டில் ஸ்பூன் விழுந்தால் பெரிய ஸ்பூனா சின்ன ஸ்பூனா என்று சொல்லிவிடுவாள். அதோடு, உன்னிடம் வாய் திறக்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறாள். வாய் திறக்கவில்லை, கைதான் எழுதுகிறது. இதில் பாவம் ஏதாவது இருந்தால் அது என்னோடு போகட்டும்.

அம்மாவுக்குச் சாதாரண மஞ்சள் காமாலைதான், மாத்திரையில் சரியாகிவிடும் என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய். அவளுடைய கல்லீரல் சுருங்கிக் கெட்டுப்போய்விட்டது. இனி மாத்திரையால் ஆகாது, வேறொருவர் ஈரலில் ஒரு பகுதியை வெட்டி வைத்தால்தான் உண்டு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடுமாம். போனில் கேமராவைக் கழுத்துக்குக் கீழே இறக்கவே மாட்டேன் என்கிறாளே, ஏன் தெரியுமா, கையும் காலும் குச்சியாகிவிட்டன, வயிறு மட்டும் நீர் கோத்து நிற்கிறது. இறந்தவர்களிடமிருந்து கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்திருக்கிறோம், முறை எப்போது வரும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சித்தி தருகிறேன் என்று ஓடி வந்தாள், சர்க்கரை இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் ரத்தம் பொருந்தியது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம், கல்யாணத்துக்கு உங்கம்மா சம்மதம் சொன்ன அன்றுகூட இல்லை. அப்புறம் ஸ்கேன் எடுத்தார்கள். என் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, இப்படியே வெட்டி வைத்தால் அவளுக்கும் வேலை செய்யாது, எனக்கு மிச்சம் இருப்பதும் தாங்காது, எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.

எனக்குக் கொழுப்பு சேராமல் யாருக்குச் சேரும். எடை மேடைக் கேபினில் உட்கார்ந்தால் எழுந்திருக்கிற வேலையே கிடையாது. லாரி ஏறும், நம்பரைப் பார்த்துச் சீட்டுக் கொடுப்பேன், லாரி இறங்கும், அடுத்த லாரி வருவதற்குள் ஒரு டீ, இரண்டு பிஸ்கட். வீட்டுக்கு வந்தால் உங்கம்மா, இத்துனூண்டுதான் இருக்கு, இதை எதுக்கு மிச்சம் வைக்கணும், நீங்களே போட்டுக்கோங்க என்பாள். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுக்கிற பெண், உன் வயதுதான் இருக்கும், படம் போட்டு விளக்கினாள். செலவு போக மிஞ்சியதை உடம்பு வீசாதாம், கொழுப்பாக்கித் தோலுக்கு அடியில் வைக்குமாம், அப்புறம் வயிற்றுக்குள், அங்கேயும் இடம் போதாவிட்டால் ஈரலில் கொண்டுபோய் வைக்குமாம். எரிகிற கொழுப்பு எந்த வழியாக வெளியே போகும் என்று கேட்டேன், பெரும்பங்கு மூச்சுக்காற்றாகப் போகும், மிச்சம் தண்ணீராக என்றாள். உடனே உங்கம்மா, இத்தனை வருஷமா வீடே அதிர மூச்சு விட்டுத் தூங்குறாரே, அதுல ஒண்ணும் போகலியா என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் நான் போட்டதுதானேங்க என்று அழுதாள். அடி பைத்தியமே, தின்னது நான்டி என்றேன்.

மெதுவாகக் குறையுங்கள், வாரத்துக்கு ஒரு கிலோ போதும், புரதச்சத்து முக்கியம், முட்டையை விடவே கூடாது என்று அந்தப் பெண் படித்துப் படித்துச் சொன்னாள். யார் கேட்டார்கள். உங்கம்மாவின் கண் நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டு வரும்போது நான் ஆற அமர மெலிந்துகொண்டிருக்க முடியுமா. நிற்கத் தெம்பில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் அவித்து டப்பாவில் வைத்துக் கொடுத்த முட்டையை, காய்கறியை, எல்லாவற்றையும் கேபினுக்குப் பின்னால் படுத்திருக்கும் நாய்க்குப் போட்டேன். பால் இல்லாத டீயும் தண்ணீருமாக ஓட்டினேன். சாயங்காலம் கண் இருட்டுகிற வரைக்கும் நடந்தேன். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன், அதற்கு மேல் இன்னொன்றும் போட்டேன். லாரி டிரைவர்கள் சும்மா இருப்பார்களா, அண்ணே, மேடையில ஏறி நில்லுங்க, காலி எடை பாத்துருவோம் என்று ஒரே கிண்டல். அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், அதிலேயே வித்தியாசம் தெரிகிற அளவுக்கு இறங்கினேன். நாய்தான் உருண்டு திரண்டு போயிற்று. உங்கம்மா என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, மறுபடி மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க என்றாள்.

போன வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஸ்கேனுக்குப் போனேன். ஈரலில் கொழுப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது, சிட்டு. குறையவில்லை, கூடியிருக்கிறது. டாக்டரம்மா படத்தைத் திரும்பவும் பார்த்துவிட்டு, உண்மையச் சொல்லுங்க, என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டார். உங்கம்மாவை வைத்துக்கொண்டே நாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பட்டினி போட்டா உடம்பு வயித்துல இருக்கிற கொழுப்பையெல்லாம் மொத்தமா அவுத்து ரத்தத்துல விட்டுடும், அது ஈரலுக்குத்தான் வந்து சேரும், ஈரல் எரிக்கிறதுக்கு மேல வந்தா அங்கேயே தங்கிடும் என்று தணிந்த குரலில் சொன்னார். எங்கள் சரக்கு யார்டில் அத்தனை லாரியும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் இறக்க ஆளில்லாமல் வாசலையே அடைத்துக்கொண்டு நிற்குமே, அதுதான் எனக்குள் நடந்திருக்கிறது. இனி ஒழுங்காகச் சாப்பிட்டு நிதானமாகக் குறைத்தால் ஈரல் தெளியும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், அவங்களுக்கு அவ்வளவு நாள் இல்ல, வேற யாராவது இருக்காங்களா, பிள்ளைங்க இருக்காங்களா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் உங்கம்மா முந்திக்கொண்டு, எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல டாக்டர் என்றாள். உன்னைச் சுமந்து பெற்றவள், முகத்தில் ஒரு அசைவு இல்லாமல் சொன்னாள். வெளியே வந்ததும், அவ இப்பதான் அங்க வேலையில கால் ஊனியிருக்கா, அவ வயித்துல கத்தி வைக்க நான் விடமாட்டேன், அவகிட்ட சொன்னீங்கன்னா இருக்கிற மாத்திரையையும் நிறுத்திடுவேன் என்றாள். அப்போதுதான் அந்தச் சத்தியம்.

உனக்கும் அவளுக்கும் ஒரே ரத்த வகை. உன் பள்ளிக்கூட அட்டையில் எழுதிக் கொடுத்தவனே நான்தான், எனக்குத் தெரியாதா. வா என்று எழுதக் கை வரவில்லை. உனக்கு ஆபத்தே இல்லை என்று அவர்களும் சொல்லவில்லை, வயிற்றில் பெரிய தழும்பு விழும், எத்தனையோ நாள் வேலைக்குப் போக முடியாது. வராதே என்று எழுதவும் கை வரவில்லை, அப்படி எழுதினால் அவளை நானே, சரி விடு, அதை எழுத முடியவில்லை. பெற்றவன் பிள்ளையிடம் கேட்கக் கூடாத ஒன்று இது. கேட்காமல் விட்டு, பின்னால் ஒரு நாள், ஏம்ப்பா என்கிட்ட சொல்லல என்று நீ கேட்டால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன். கொடுக்க என்னிடம் இருந்தது அது ஒன்றுதான், அதையும் அவசரப்பட்டுக் கெடுத்துவிட்டு இப்போது உன் தலையில் கொண்டுவந்து வைக்கிறேன். நீ முடியாது என்று சொன்னால் அப்பா மறு பேச்சுப் பேச மாட்டேன், இந்தக் கடிதம் வரவே இல்லை என்று வைத்துக்கொள். எதுவானாலும் பகலில் கேபின் நம்பருக்குக் கூப்பிடு, வீட்டு போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே.

எங்கே இருந்தாலும் நீ நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், அம்மாவும் நானும் எப்போதும் நினைப்பது அது ஒன்றுதான். இன்னொரு விஷயம் மறந்துவிடாதே. ஜிம்முக்குப் போறேன், ராத்திரிச் சாப்பாட்டை விட்டுட்டேன், எடை மடமடன்னு இறங்குது என்று போனில் குஷியாகச் சொன்னாயே, அதை இன்றைக்கே நிறுத்து. மெலிந்துதான் ஆக வேண்டும் என்றால் மெதுவாக மெலி, பட்டினி மட்டும் கிடக்காதே, முட்டையை விடாதே. தினமும் போனை வைக்கும்போது நேரத்துக்குச் சாப்பிடும்மா என்று சொல்கிறவன்தான் நான். இந்தத் தடவை அதை உனக்காகச் சொல்கிறேனா, உங்கம்மாவுக்காகச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் சாப்பிடு.

உன் அப்பா