குசும்பு என்று நான் சொல்லவில்லை

அக்கா,

கங்காணியின் சிவப்புத் தலைப்பாகையை நேற்று மறுபடியும் பார்த்தேன். தன் மகள் கல்யாணப் பந்தலில் அதைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அதைத்தானே நீ பெரட்டில் கேலி செய்தாய்! காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் நேரம். ஆட்களை மேய்க்கும் கங்காணி உன் அத்தை மகன். ஊரில் முறைப்பெண் மாமனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சொல்லாவிட்டால்தான் கோபமா என்று கேட்பார்கள். ரப்பர் தோட்டத்தையும் நீ ஊர் என்றே நினைத்துவிட்டாய். பாவி, புது வெள்ளைக்காரத் துரை நிற்பதைப் பார்த்திருக்கக் கூடாதா?

"என்னா மாமா, தலப்பா மட்டும் வந்திருக்கு, தல லயத்துலயே தூங்குதா?" என்றாய். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். என்னை மட்டும் நீ விட்டுவைத்தாயா என்ன? ஒருநாள் நான் முகம் சுளித்தபோது, "வேண்டாதவங்ககிட்ட எவ குசும்பு பண்ணுவா தம்பி?" என்று கேட்டவள்தானே.

துரை என்னிடம் திரும்பி, அவள் என்ன சொன்னாள் என்று இங்கிலீஷில் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. கணக்கெழுதும் சின்னக் கிராணி நான்தான் அவருக்கு வாய். கங்காணி பல்லைக் கடித்துக்கொண்டு, "திமிரு புடிச்சவள்னு சொல்லு கிராணி. வேற ஏதாச்சும் சொன்ன, நாளைக்கு நீ இங்க இருக்க மாட்ட" என்றார். சொன்னேன். அப்படியே சொன்னேன். என் வாய் அழுகிப்போக!

மத்தியானத்துக்குள் உன்னைச் சட்டி பானையோடு லயத்து வீட்டை விட்டுத் துரத்தினார்கள். அப்போதும் நீ என்னைத் திட்டவில்லை. "எங்க மாமனுக்கு வெக்கம் வந்திருச்சு தம்பி. நாலு நாள்ல கூப்புட்டு விடும், பாரு" என்று சிரித்தாய். யாரும் கூப்பிடவில்லை. பாகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் காய்ச்சல் கண்டு நீ போய்ச் சேர்ந்த செய்திதான் வந்தது.

நேற்று அந்த மனிதர் வாய் நிறைய வெற்றிலையோடு உன் பேச்சை எல்லாருக்கும் சொல்லிக் காட்டினார். "எம் முறைப்பொண்ணு. சரியான குசும்புக்காரி! இருந்திருந்தா இன்னைக்கு என்னைய விட்டிருப்பாளா?" என்று கண்ணை வேறு துடைத்துக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம்! சாப்பிட்ட இலையிலிருந்து எழுந்துவிட்டேன்.

"குசும்புன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே கங்காணி! செத்த பொறவு எதுக்கு?"

அவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அவரைக் கேட்டுவிட்டேன். என்னை யார் கேட்பது? குசும்புக்கு இங்கிலீஷில் சொல் கிடையாது என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். "உறவுக்காரி ஐயா, உரிமையில் விளையாடுகிறாள்" என்றிருந்தால் போதும். துரையும் சிரித்திருப்பார்.

அந்த வரியைத்தான் இப்போது தினமும் பெரட்டுக்கு நடக்கும்போது இங்கிலீஷில் சொல்லிப் பார்க்கிறேன், அக்கா. ஓரிடத்திலும் நாக்கு தடுக்கவில்லை.