பாதி மாத்திரை

மார்ச் 4, செவ்வாய்

மகள் பட்டாணிக்கு இன்று நாற்பத்தொரு நாள். எடை நான்கு கிலோ நூறு. எடை பார்த்த நர்ஸ், "அம்மா நல்லா கவனிச்சுக்கிறாங்கபோல" என்றாள். தலையாட்டினேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கத்திகள் மூன்றையும் பழைய துண்டில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன். அண்ணி தேடினார்கள். "மழுங்கிடுச்சு அண்ணி, சாணை பிடிக்கக் குடுக்கணும்."

"மூணுமா?"

"மூணும்."

பீன்ஸைக் கையாலேயே ஒடித்துப் போட்டார்கள். என் வீட்டுக்காரருடைய அக்கா. எனக்கு அம்மா இல்லையே என்று பஸ் கண்டக்டர் வேலைக்கு மூன்று மாதம் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவர். அவரிடம் பொய்.

இதெல்லாம் அவள் பிறந்த பதினோராம் நாள் ஆரம்பித்தது. கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாயில் பட்டாணி கொட்டாவி விட்டாள். ஒரு படம் வந்தது. என் கை, கத்தி, அவள். அதற்கு மேல் எழுத மாட்டேன். நான் நினைக்கவில்லை, கூப்பிடவில்லை. வந்தது. அன்றிலிருந்து தினமும் வருகிறது.

நான் யார்?

மார்ச் 7, வெள்ளி

இன்றும் அண்ணிதான் குளிப்பாட்டினார்கள். எனக்கு முதுகு வலி என்று சொன்னேன். முதுகு நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

நான்காவது மாடி. பால்கனிக் கதவின் கைப்பிடியை ஜன்னல் கம்பியோடு சேர்த்துத் துப்பட்டாவால் கட்டினேன். இரண்டு முடிச்சு. அவிழ்த்து மறுபடி மூன்று முடிச்சு. இவர் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்துவிட்டுச் சிரித்தார். "பால்கனி என்ன பாவம் பண்ணிச்சு, கைதி மாதிரி கட்டி வச்சிருக்க?" நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் அவள் மூச்சு விடுகிறாளா என்று பதினான்கு முறை போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு உடனே அறையை விட்டு ஓடி வருகிறேன். பக்கத்தில் போகாமலும் இருக்க முடியவில்லை, பக்கத்தில் இருக்கவும் முடியவில்லை.

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

இவர் மதியம் சாப்பிட வந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக்; இன்று பக்கத்துக் கட்டடத்தில்தான் வேலை. அண்ணி கடைக்குப் போயிருந்தார்கள். பட்டாணியை என் மடியில் வைக்க வந்தார். "வேணாங்க" என்றேன். "ஏன்?" என்றார். எல்லாம் கொட்டிவிட்டது. படம், கத்தி, பால்கனி, குளியல் தொட்டி. சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"நீ... ஏதாவது பண்ணிருவியா?"

"தெரியலைங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? மாட்டேன் என்று ஏன் சொல்லலை? வாய் வரைக்கும் வந்துச்சே. ஆனா சத்தியமா சொல்ல முடியுமான்னு ஒரு சந்தேகம், அந்தப் பாழாப்போன சந்தேகம்—

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் போட்டார். எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பார்.

கொஞ்ச நேரத்தில் அவள் பசிக்கு அழ ஆரம்பித்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம். பால் தானாகச் சுரந்து ரவிக்கை முழுக்க நனைந்து வயிறு வரை வழிந்தது. தட்டவில்லை. எந்த முகத்தோடு தட்டுவேன்?

மார்ச் 14, வெள்ளி

அண்ணி நேற்றுக் கடையிலிருந்து திரும்பியபோது நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். முதலில் என்னைப் பார்த்தார்கள். பிறகு கதவைப் பார்த்தார்கள். "டேய், கதவைத் தொற" என்றார்கள். கூட்ட பஸ்ஸில் பின்வாசல் வரை கேட்குமே, அந்தக் குரல். அவர் திறந்தார். அண்ணி பிள்ளையை வாங்கி நேராக என் நெஞ்சில் வைத்தார்கள். "குடுக்கட்டும். நான் இங்கதான் நிக்கிறேன்."

என்ன நடந்தது என்று பிறகுதான் கேட்டார்கள். இவரே சொன்னார், பாதி பாதியாக. அண்ணி முழுசாகக் கேட்டார்கள். கடைசியில், "எனக்கு இது என்னன்னே தெரியலைம்மா. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசமாட்டேன். தெரிஞ்ச டாக்டர்கிட்ட போவோம்" என்றார்கள்.

இவர் இன்று வேலைக்குப் போகவில்லை. என் கண்ணைப் பார்க்கவும் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

மனநல மருத்துவர். நடுத்தர வயது; ஒரு காதில் மட்டும் கம்மல், இன்னொன்று எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். வெளியே காத்திருந்தபோது எனக்கு ஒரே ஒரு நினைப்புதான்: உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

"என்ன படம் வருது? சுத்தி வளைக்காம சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் பேனா நிற்கவில்லை. எழுதிக்கொண்டே, "அப்படி நடக்கணும்னு ஆசை இருக்கா?" என்று கேட்டார்.

"ஐயோ டாக்டர்!" கத்திவிட்டேன். வெளியே இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும்.

"அந்த ஐயோவைத்தான் நான் கேட்டேன்" என்றார். இது ஓ.சி.டி., வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து பிடித்துக்கொள்ளும் நோய் என்றும், பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி வரும் என்றும், அவர் பார்த்த தாய்மார்களில் என் கதையை அப்படியே சொன்னவர்கள் உண்டு என்றும் சொன்னார். அப்படியே! நான் ஒருத்திதான் இந்த உலகத்தில் இப்படி என்று நினைத்திருந்தேனே.

பிறகு இவர் பக்கம் திரும்பினார். "உங்க மனைவி இந்தக் குழந்தையை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. பயந்து பயந்து இவங்கதான் தேஞ்சு போயிருக்காங்க. குழந்தையை இவங்ககிட்டேருந்து எடுத்து வச்சா பயம் இன்னும் ஏறும்." இவர் தலையைக் குனிந்துகொண்டார். காதெல்லாம் சிவந்திருந்தது.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் பாதி, அப்புறம் முழுசு. கூடவே வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் பயிற்சி. பால் கொடுக்கலாம் என்றார். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். நாலாவது முறைக்கு அவர் பதில் சொல்லவில்லை. "இப்ப நான் பதில் சொன்னா நோய்க்குத் தீனி போட்ட மாதிரி" என்றார்.

மார்ச் 19, புதன்

இந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். மருத்துவமனை மருந்தகத்தில் ஒன்பது வருஷம் என் கையால் எடுத்துக் கொடுத்த பெட்டி. இடப்பக்க அலமாரி, மூன்றாவது தட்டு. "காலையில சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. நீங்களா நிறுத்தாதீங்க." எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், "பால் குடுக்கலாமாங்க?" என்று கேட்டாள். "தாராளமா" என்றேன், அடுத்த ஆளின் சீட்டை வாங்கிக்கொண்டே. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை அவளை.

பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளை இன்று பதினொரு முறை படித்தேன். இப்போது படம் மாறிவிட்டது. என் பால் வழியாக நானே அவளுக்கு விஷம் கொடுக்கிறேன்.

மாத்திரையைத் தொடவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

"மாத்திரை இல்லாம, மனசைத் திடப்படுத்திக்க முடியாதா?" இவர்தான். கோபமாகக் கேட்கவில்லை, கெஞ்சலாகத்தான் கேட்டார். "பால்ல போகும்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "லிஃப்ட் நடுவுல நின்னு ஆள் உள்ள மாட்டிக்கிட்டா, மனசைத் திடப்படுத்திக்கோங்கன்னு சொல்லிட்டு வந்துருவீங்களா?"

"அதெப்படி? மொதல்ல ஆளை எறக்குவோம். அப்புறம்தான் மத்ததெல்லாம்."

"அப்ப என்னை எறக்குங்க."

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார், அது கையோடு வரும்வரை. சமையலறையில் அண்ணி பாத்திரத்தை டமாரென்று வைத்தார்கள். வேண்டுமென்றேதான்.

மார்ச் 24, திங்கள்

எங்கள் தலைமை மருந்தாளுநருக்குப் போன் செய்தேன். இரண்டு கண்ணாடி மாட்டிக்கொண்டு மூன்றாவதைத் தேடுபவர். அதனால் எங்களுக்கு அவர் கண்ணாடி மேடம். மாத்திரை பெயரைச் சொன்னேன். எனக்குத்தான் என்றேன்.

"உனக்குத் தெரியாததா?"

"தெரியும் மேடம். யாராவது எனக்குச் சொல்லணும்."

மேடத்தின் குரல் மாறியது. கவுன்டர் குரல். "இங்க பாருங்கம்மா. இந்த வாரம் பாதி மாத்திரை. காலையில சாப்பிட்ட பிறகு. பால்ல ரொம்பக் கொஞ்சம்தான் போகும், குழந்தைக்குக் குடுக்கலாம். பலன் தெரிய சில வாரம் ஆகும், அவசரப்படாதீங்க. மொதல்ல கொஞ்சம் வயித்தைப் பிரட்டும். சந்தேகம்னா டாக்டரைக் கேளுங்க. சரியாம்மா?"

"சரிங்க" என்றேன். வரிசையில் நிற்கிறவர்கள் சொல்வார்களே, அப்படி.

மார்ச் 25, செவ்வாய்

காலை 8.40. பாதி. விழுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வயிறு பிரட்டுகிறது. வாய் உலர்ந்து கிடக்கிறது. படம் அப்படியேதான் வருகிறது. இன்றிலிருந்து முழு மாத்திரை.

ஒன்றை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். முதல் மாத்திரையிலிருந்து நான் அவளுக்குப் பால் கொடுக்கவில்லை. ஒரு வாரமாகப் பிழிந்து தொட்டியில் ஊற்றுகிறேன். குழாயைத் திறந்துவிட்டுத்தான் ஊற்றுகிறேன், அண்ணிக்குத் தெரியக் கூடாது என்று. பால் பத்தவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்; புட்டிப் பால்தான் குடிக்கிறாள். எல்லாரும் கொடுக்கலாம் என்கிறார்கள். நானே நூறு பேருக்குச் சொன்னவள். கை நீளமாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. இன்று கேட்டேவிட்டார்கள். "ஊத்துறதை எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? சில்லறை இல்லைன்னு சொல்றவன் மூஞ்சியையே பார்த்துப் பார்த்து இருபது வருஷம் ஓட்டினவ நான். இன்னைக்கு ஒரு தடவை குடுத்துப் பாரு. நான் வெளிய உக்கார்றேன்."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, துணிந்து எடுத்து வைத்துக்கொண்டேன். பட்டாணி வாய் வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி வைத்தேன். உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அலறினாள். புட்டியைக் காட்டியதும் நிறுத்திவிட்டாள்.

மூன்று முறை முயன்றேன்.

மாத்திரை எங்கள் இருவருக்கும் நடுவில் வரவில்லை. பயம்தான் வந்தது. அதைத் தெரிந்துகொள்ள இந்த விலை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மார்பு லேசாகிவிட்டது. ஒரு பக்கம் சுத்தமாக நின்றுவிட்டது. குளியலறையில் அழுதேன்.

ஆலோசகர் சின்னப் பெண், என்னைவிட இளையவள். இன்றைய பயிற்சி: பட்டாணி பக்கத்துக் கூடையில் கிடக்க, நான் கத்தியால் கேரட் நறுக்க வேண்டும். படம் வந்தால் வரட்டும்; விரட்டக் கூடாது, ஓடக் கூடாது, "நான் நல்லவள்தானே?" என்று யாரிடமும் கேட்கக் கூடாது. அண்ணி பரணில் ஏறிக் கத்தியை எடுத்துக் கொடுத்தார்கள். "மழுங்கின மாதிரி தெரியலையே" என்று மட்டும் சொன்னார்கள்.

இருபது நிமிஷம். புடவை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒன்றும் நடக்கவில்லை. கேரட் கோணல்மாணலாக வந்தது. அதைத்தான் எல்லாரும் சாப்பிட்டோம்.

மே 9, வெள்ளி

துணி மடித்தேன், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன், சிரித்தாள், மறுபடி துணி மடித்தேன். மணி பார்த்தபோது மூன்று மணி நேரம் போயிருந்தது. அதற்குள் படம் வரவே இல்லை. அது தெரிந்த உடனே வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

ஜூன் 1, ஞாயிறு

நீட்டித்த லீவும் முடிந்து அண்ணி இன்று கிளம்பினார்கள். பஸ் நிறுத்தம் வரை இவரும் நானும் பட்டாணியும் போனோம். திரும்பி வரும் வழியில் இவர் திடீரென்று நின்றார்.

"அன்னைக்கு நான் தாழ்ப்பாள் போட்டேன்ல."

"ம்."

"எனக்கும் என்ன பண்றதுன்னு தெரியலை. பயந்துட்டேன்."

"தெரியும்."

"மன்னிச்சிரு."

சரி என்று சொல்ல நினைத்தேன். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தேன். "இன்னும் வலிக்குதுங்க. கொஞ்ச நாள் ஆகட்டும்" என்றேன். அவர் பட்டாணியை என்னிடமிருந்து வாங்கவில்லை. குடையை எங்கள் இருவருக்கும் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்தார்.

ஜூலை 12, சனி

வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தால் கீழே ஒரு பல் தட்டுப்படுகிறது!

ஆகஸ்ட் 21, வியாழன்

அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புகிறேன். மாத்திரை தொடர்கிறது. இன்னும் ஒரு வருஷமாவது போகட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வருஷமா என்று ஒரு முறைதான் கேட்டேன்.

இவருக்கு வெளியூரில் இரண்டு நாள் பயிற்சி. காலையில் பையை மாட்டிக்கொண்டு, சாவி எங்கே, சார்ஜர் எங்கே என்று வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுப் போனார். தனியாக இருந்துகொள்வாயா என்று கேட்கவில்லை. கேட்க மறந்துவிட்டாரா, கேட்கத் தோன்றவில்லையா தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

பத்து மணிக்கு அவள் தூங்கினாள். கன்னத்தில் கீறியிருந்தாள்; நகம் வளர்ந்துவிட்டது. சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். இடது கை முடிந்தது. அப்போது படம் வந்தது. பழையபடி, முழுசாக. கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. அவளுடைய விரல்கள் என் கையில் சூடாக இருந்தன. அப்படியே உட்கார்ந்திருந்தேன். எத்தனை நிமிஷம் என்று பார்க்கவில்லை.

பிறகு வலது கையை எடுத்து, கட்டை விரலிலிருந்து ஆரம்பித்தேன்.